சாரலில் நின்றவள்

"துருப் பிடிச்ச இரும்பு வாடை உங்களுக்குப் பிடிக்குமா?"

"எங்க வீட்டுச் சோத்துலயே அந்த வாடைதான் அடிக்கும். ஏன், உங்களுக்கு ஆகாதோ?"

"அது இல்லாம எனக்கு முடியாது. அதான் கேட்டேன்."

"நான் வேற நெனச்சேன். பழைய இரும்புக் கடைக்காரன்னு கேலி பண்ணுதீங்களோன்னு."

"பேங்க் மாப்பிள்ளை ஒருத்தரும் வாத்தியார் மாப்பிள்ளை ஒருத்தரும் வந்தாங்க. தென்காசியில பழைய இரும்புக் கடைன்னு அப்பா சொன்னதும் நாந்தான் சரின்னேன்."

"அப்ப என்னையப் பாத்துச் சரி சொல்லல. கடையப் பாத்துச் சொல்லியிருக்கீங்க."

"உங்கள இப்பத்தான பாக்குதேன்."

நாசரேத்தில், பெண் பார்க்கப் போன வீட்டின் பின்பக்கம், முருங்கை மரத்தடியில் நின்று பேசிய பேச்சு. இருபத்தாறு வருஷம் ஆயிற்று. அதை ஒரு சொல் மாறாமல் சுகிர்தம் கூடத்தில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அய்யாத்துரை, பேச்சின் முடிவில் வந்த அவளுடைய சிரிப்பைக் கேட்டு ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றார். அவள் இப்படிச் சத்தமாகச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தார். நாள் கணக்கில் பிடிபடவில்லை.

"வாங்க அங்கிள், உங்க கல்யாணக் கதைதான் ஓடிட்டு இருக்கு" என்றாள் மாஜிதா. கடையநல்லூர்ப் பிள்ளை. சென்னையில் ஒரு கலைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். சுகிர்தம் செய்த இரும்புச் சிற்பங்களை எல்லாம் ஊர் ஊராகத் தேடி ஓரிடத்தில் சேர்த்து, வருகிற டிசம்பரில் கண்காட்சி வைக்கப்போகிறார்கள். கூடவே ஒரு புத்தகமும் வருகிறது. அதற்காக இரண்டு நாளாக மேலகரத்து வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தாள். முதல் நாள் பர்ஃபியும் பழமுமாக வந்தவள், இரண்டாம் நாளே அடுக்களை வரைக்கும் போய்த் தானே காப்பி போட்டுக்கொள்கிற அளவுக்கு ஒட்டிக்கொண்டாள்.

"கடையப் பாத்துக் கட்டிக்கிட்ட பொம்பள உலகத்துலயே மேடம் ஒருத்தங்கதான்" என்றாள்.

"கடைக்கும் ஒண்ணும் நட்டமில்ல தாயி" என்றார் அய்யாத்துரை. "நல்ல சாமானா வந்தா வீட்டுக்கு வந்துரும். மிச்சம்தான் லோடுக்குப் போவும்."

பொய் இல்லை. சென்னையில் சிற்பம் படித்துவிட்டு வந்தவள் சுகிர்தம். கூடப் படித்தவர்கள் கல்லுக்கும் வெண்கலத்துக்கும் போனபோது அவள் இரும்புக்கு வந்தாள். கல்யாணமான மறு வாரமே, தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இருந்த கடைக்குச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நின்றாள். தேய்ந்த கலப்பைக் கொழு, மாட்டுவண்டிச் சக்கரத்துப் பட்டா, கிணற்று உருளை, அறுந்த சைக்கிள் செயின் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, குழந்தையின் தலையைத் தடவுகிற மாதிரித் தடவிப் பார்த்தாள். கடையாட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆறு மாதம் கழித்து, அதே கொழுக்களை நெருப்பில் காட்டி வளைத்து, ஒன்றோடொன்று பற்றவைத்து, முதுகு ஒடிந்த ஒரு கிழவனை அவள் நிறுத்தியபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த வளைவில் அய்யாத்துரையின் அப்பா உட்கார்ந்திருந்தார். செத்து நாலு வருஷமான மனிதர். அவரை அவள் பார்த்ததுகூடக் கிடையாது. மகனின் நடையைப் பார்த்துச் செய்தேன் என்றாள்.

பற்றவைத்த தழும்புகளை அவள் ஒருபோதும் கிரைண்டர் போட்டு மழுங்கடிக்க மாட்டாள். "கிழிஞ்சத் தைச்சா தையல் தெரியத்தான செய்யும்" என்பாள். பெயின்ட் அடிக்கவும் விடமாட்டாள். செய்து முடித்ததை ஆனி பிறந்ததும் கடை முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவாள். ஒரு சீசன் முழுக்கச் சாரலில் அது நனைய வேண்டும். ஐப்பசி மழை அடித்துப் பெய்தால் துரு பொருக்காகப் பெயர்ந்துவிடும். கடற்காற்றோ உள்ளே போய்த் தின்றுவிடும். குற்றாலத்துச் சாரல் அப்படி இல்லை. பூ மாதிரி விழும், நடுவே கொஞ்சம் வெயில் தலைகாட்டும், மறுபடி விழும். அதில் ஏறுகிற துரு, பிள்ளையின் தோல் மாதிரி மெல்லிசாக, ஒரே சீராகப் படியும். ஆவணி பிறந்ததும் துடைத்து, தேன்மெழுகு தேய்த்து, துருவை அந்த இடத்தில் நிறுத்துவாள். "பாதி நான் செய்யுதேன், பாதி சாரல் செய்யுது" என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறாள்.

மாஜிதா மடிக்கணினியை அவர்கள் பக்கமாகத் திருப்பினாள். "மேடம், பழைய போன்ல இருந்து எடுத்த படத்துல இது ஒண்ணு இருந்துச்சு. லிஸ்ட்ல இல்லையே. இது இப்ப யார்ட்ட இருக்கு?"

அய்யாத்துரை பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. கண் போய்விட்டது. எட்டு வயதுப் பிள்ளையின் உயரம். இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டி, தோளை ஒடுக்கிக்கொண்டு நிற்கிற சிறுமி. ஓட்டை விழுந்த இரும்புச் சட்டியின் அடித்தகடுதான் முகம். பிரித்துப் பின்னிய சைக்கிள் செயின், ஈரத்தோடு முதுகில் ஒட்டிக் கிடக்கிற கூந்தல். உடம்பெங்கும் ஓடிய தழும்புகள் நேராகப் போகாமல் நெளிந்து நெளிந்து போனதில், அந்த இரும்பு நடுங்குவது மாதிரியே இருக்கும். லேசாகத் திறந்த வாய். அருவியிலிருந்து வெளியே ஓடிவந்து துண்டுக்காக நிற்கிற பிள்ளை என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

"அது இல்ல" என்றாள் சுகிர்தம்.

"வித்துட்டீங்களா?"

"இல்ல. சாரல்ல நனையட்டும்னு கடை முத்தத்துல வச்சிருந்தேன். நான் ஊர்ல இல்லாத அன்னைக்குப் பழைய சாமானோட சாமானா லோடுல ஏத்திட்டாங்க. ஆலையில உருக்கிட்டாங்க. ரெண்டாயிரத்துப் பதிமூணு, ஜூலை."

மாஜிதா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அல்லா… யாரு மேடம் ஏத்துனா?"

"தங்கசாமின்னு ஒருத்தன், கடையில லோடு ஏத்துதவன். இப்ப வேலைய விட்டுட்டுக் குற்றாலத்துல எண்ணெ தேச்சு விடுதான்."

"மேடம், அதுக்கப்புறம் நீங்க செஞ்ச இரும்பு வேலை ஒண்ணுகூட இல்லையே. அப்ப அந்தச் சம்பவத்தோடதான் நிறுத்தினீங்களா?"

சுகிர்தம் தென்காசிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படம் சொல்லிக்கொடுக்கிறாள், அது போதும் என்று யார் கேட்டாலும் சொல்கிறவள். அன்றைக்குத் தம்ளர்களை அடுக்கத் தொடங்கினாள். மாஜிதா கொஞ்ச நேரம் தட்டச்சு செய்துவிட்டு, எழுதியதை வாசித்துக் காட்டினாள். "சிற்பியின் மிக முக்கியமான இந்தப் படைப்பு, தங்கசாமி என்ற கடைப் பணியாளரின் கவனக்குறைவால் அழிந்தது. அதன்பின் அவர் இரும்பைத் தொடவில்லை. இப்படிப் போட்டுக்கிடவா மேடம்? பேரோட போட்டாத்தான் நாளைக்கு ஒரு ஆதாரமா இருக்கும்."

"அவன ஒரு வார்த்த கேட்டுட்டுப் போடு" என்றாள் சுகிர்தம். "காலைல குற்றாலம் போவோம்." பிறகு கணவரின் பக்கம் திரும்பாமலே, காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னாள். "நீங்களும் வாங்க."

அவர் குற்றாலம் போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகிவிட்டது. வீட்டுக்கும் அருவிக்கும் நாலு கிலோமீட்டர்கூட இருக்காது. சீசன் வந்தால் ரோட்டில் போகிற வண்டிகளின் வரிசை கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். வழி கேட்கிறவர்களுக்குக் கை காட்டியே அவருக்குத் தோள் வலிக்கும். அவர் மட்டும் போகமாட்டார்.

கடைசியாகப் போனது ஜாயைக் கூட்டிக்கொண்டு. ஒரே மகள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "இன்னைக்கு வேண்டாங்க" என்று சுகிர்தம் சொன்னாள். "சாரல் காலத்துல அருவிக்குப் போவாத பிள்ள தென்காசிப் பிள்ளையா? ஒண்ணும் ஆவாது, வா" என்று அவர்தான் சொன்னார். ஐந்தருவியில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, பல் கிடுகிடுக்க ஓடிவந்து, "எப்பா, துண்டு" என்று நின்றாள். அவர் அவளை உடனே துவட்டவில்லை. கொஞ்சம் நடுங்கட்டும் என்று விளையாட்டுக்குத் துண்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். சுகிர்தம் அதட்டிய பிறகுதான் கொடுத்தார். நாலாம் நாள் காய்ச்சல் வந்தது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். அதற்கு மேல் அவள் இல்லை. கொசுவால் வருகிற மூளைக்காய்ச்சல், அருவித் தண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் இரண்டு தடவை பொறுமையாகச் சொன்னார். அய்யாத்துரை இரண்டு தடவையும் தலையை ஆட்டினார். தலைதான் ஆடியது.

சுகிர்தம் ஒரு வருஷம் எதையும் தொடவில்லை. பிறகு ஒருநாள் வெல்டிங் முகமூடியைத் துடைத்து எடுத்தாள். ஆறு மாதம் வீட்டுப் பின்பக்கக் கொட்டகையில் நெருப்பும் சத்தமுமாகக் கிடந்தாள். யாரைச் செய்கிறாள் என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனி முதல் வாரம் ஆள்வைத்துத் தூக்கிவந்து கடை முற்றத்தில் இறக்கினார்கள். அய்யாத்துரை கல்லாவில் உட்கார்ந்திருந்தார். மேஜைக்கு நேர் எதிரே பிள்ளை நின்றாள், கையைக் கட்டிக்கொண்டு, நடுங்கிக்கொண்டு. அன்று மத்தியானமே சாரல் பிடித்தது.

மனைவிக்குத் தழும்பும் துருவும் தெரிந்தன. அவருக்குத் தெரிந்ததெல்லாம் நனைகிற பிள்ளை. முதல் வாரம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். இரண்டாம் வாரம் ஒரு தார்ப்பாயை எடுத்துத் தலையோடு போர்த்திவிட்டார். சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு வந்த சுகிர்தம் அதைப் பிடித்து இழுத்தாள். "மூடாதீங்க. துரு திட்டுத் திட்டா ஏறிரும்." அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். எனக்கு இதைப் பார்க்க முடியவில்லை என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் வீட்டுப் பின்பக்கம் கொண்டுபோய் வைத்திருப்பாள். ஆனால் அந்தத் துண்டைப் பற்றிப் பேசாமல் இந்தத் தார்ப்பாயைப் பற்றி எப்படிப் பேசுவது? மூன்றாவது வாரம், செம்பழுப்பாக நிறம் ஏறத் தொடங்கிய கன்னத்திலிருந்து துருத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்து சிமென்ட் தரையில் வழிந்தது. சாமான் போட வந்த ஒருவன் அவள் தலையில் டீக்கிளாசை வைத்துவிட்டு பீடி பற்றவைத்தான். அய்யாத்துரை எழுந்துபோய்க் கிளாசை எடுத்து ரோட்டில் வீசியதை இன்றைக்கும் பழைய ஆட்கள் சொல்வார்கள்.

ஆலைக்குப் போகிற லாரி வந்த அன்று சுகிர்தம் பாளையங்கோட்டையில் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தாள். லோடு முக்கால்வாசி ஏறியிருந்தது. தங்கசாமி நெற்றி ஈரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "இம்புட்டுத்தானா அண்ணாச்சி?" என்று கேட்டான். அவர் முற்றத்தைக் கை காட்டினார்.

"அது அக்கா செஞ்சதுல்லா?"

"ஏத்து."

"அண்ணாச்சி… பாப்பால்லா அது?"

"காதுல விழலையாலே? ஏத்துன்னேன்ல்லா."

தங்கசாமி அவர் முகத்தைப் பார்த்தான். அதற்குமேல் கேட்கவில்லை. மற்ற ஆட்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, டிரைவரை மட்டும் கைகொடுக்கச் சொல்லித் தூக்கினான். அய்யாத்துரை வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, லாரி மேலகரத்து வளைவில் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தார். பார்த்ததை அதற்குப் பிறகு யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மறுநாள் சுகிர்தம் வந்து, முற்றத்தில் வட்டமாகக் கிடந்த துருக்கறையைப் பார்த்தபடி நின்றாள். அவர் வாயைத் திறப்பதற்குள் தங்கசாமி முன்னால் போய் நின்றுவிட்டான். "எக்கா, நாந்தான்… சாமானோட சாமானாத் தெரியாமப் போட்டுட்டேன்." அவள் அவனைப் பார்த்தாள், கல்லாவைப் பார்த்தாள். "சரி தங்கசாமி" என்றாள். அவ்வளவுதான். ஒரு மாதம் கழித்து அவன் வேலையை விட்டுப் போனான். போகாதே என்று சொல்ல அய்யாத்துரைக்கு நாக்கு வரவில்லை.

காலையில் காரை அவரே ஓட்டினார். சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. மாஜிதா பின்னால் உட்கார்ந்து எதை எதையோ பேசிக்கொண்டே வந்தாள். மலை முழுக்க மேகத்துக்குள் கிடந்தது. பேரருவிக்குப் போகிற வழியில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருந்தார்கள். நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்கிற வாடையும் நல்லெண்ணெய் வாடையும் கலந்து அடித்தது. ஈரத் துணியோடு குடும்பம் குடும்பமாக எதிரே வந்தார்கள். ஒரு தகப்பன் தோளில் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, தன் வேட்டியாலேயே அதன் தலையைத் துவட்டிக்கொண்டு போனான். அய்யாத்துரை தரையைப் பார்த்து நடந்தார்.

எண்ணெய் தேய்க்கிறவர்கள் வரிசையில் மூன்றாவது ஆள் தங்கசாமி. நரைத்திருந்தான். கல் பெஞ்சில் விருதுநகர்க்காரர் ஒருவரைக் குப்புறப் போட்டு முதுகில் எண்ணெயை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான்.

"பைய வே, எலும்பு நொறுங்கிரும்" என்றார் அவர்.

"எலும்பா? எலும்பு எங்கன இருக்குன்னுதான அண்ணாச்சி அரை மணி நேரமாத் தேடுதேன்" என்றவன், நிமிர்ந்தபோது மூவரையும் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. எண்ணெய்க் கையை அப்படியே கூப்பினான். "எண்ணாச்சி… எக்கா… வாங்க."

சுகிர்தம் அவன் மகளைப் பற்றி விசாரித்தாள். கீழப்பாவூரில் கட்டிக்கொடுத்திருக்கிறான், பேரன் இருக்கிறான். அய்யாத்துரை தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மாஜிதா புத்தக விஷயத்தைச் சொல்லி, போனைப் பதிவில் போட்டு நீட்டினாள்.

தங்கசாமி யோசிக்கவே இல்லை. பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒரே மூச்சில் சொன்னான். "ஆமா தாயி, நாந்தான் ஏத்துனேன். மழையில கெடந்து துருப்பிடிச்சிருந்துச்சு. பழைய சாமான்னு நெனச்சுட்டேன். கடையில யாருக்கும் தெரியாது. எழுதிக்கோங்க."

"என்னவே, போலீஸ் கேஸா?" என்றார் பெஞ்சில் கிடந்தவர்.

"சும்மா படுங்க அண்ணாச்சி, எண்ணெ கண்ணுல எறங்கிரும்."

"உங்க பேரு புத்தகத்துல வரும் அண்ணே. பரவாயில்லையா?" என்று கேட்டாள் மாஜிதா.

"வரட்டும் தாயி. ரேசன் கார்டத் தவிர எம் பேரு எங்கன அச்சுல வந்திருக்கு?" என்று சிரித்தான். சிரித்த வாய் சிரித்தபடி இருக்க, கண் மட்டும் சுகிர்தத்தைப் பார்க்காமல் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கடை முற்றத்தில் நின்றபோதும் இப்படித்தான் தரையைப் பார்த்தான். அன்றைக்கு இவன் வாயால் வந்த பொய்க்குள் நுழைந்து நின்றுகொண்டவர் தான் என்பதும், இனி அது அச்சடித்த எழுத்தாக இந்த மனிதனின் பேரன் படிக்கிற காலம் வரைக்கும் கிடக்கப்போகிறது என்பதும் அய்யாத்துரைக்கு ஒரே நேரத்தில் உறைத்தது. பக்கத்துப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"எழுதாதம்மா."

மாஜிதா திரும்பினாள்.

"அவன் எங்கிட்டக் கேட்டான். ரெண்டு தடவ கேட்டான். நாந்தான் ஏத்தச் சொன்னேன்."

"அண்ணாச்சி, சும்மா இருங்க" என்று தங்கசாமி பதறினான். "பழசெல்லாம் இப்ப எதுக்கு? நான் சொன்னது சொன்னதுதான் தாயி."

"நீ சும்மா இருலே. எனக்காவ நீ சொமந்தது போதும்." அய்யாத்துரையின் குரல் அருவிச் சத்தத்துக்கு மேலே எழும்பப் பார்த்து உடைந்தது. அவர் மாஜிதாவைப் பார்த்துத்தான் சொன்னார். மனைவியைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "நனைஞ்சுக்கிட்டே நின்னா தாயி. மூணு வாரம். துண்டு கேட்டுக்கிட்டே நின்னா. என் கண்ணு முன்னால. அது இரும்புன்னு எனக்குத் தெரியாமலா இருக்கும்? நான் இரும்பு யாவாரி. தெரியும். தெரிஞ்சும் முடியல. எங்கயாவது போயிரட்டும்னு ஏத்தச் சொல்லிட்டேன்."

மாஜிதா போனை அணைத்தாள். பெஞ்சில் கிடந்தவர்கூடத் தலையை இறக்கிக்கொண்டார். தங்கசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து, துடைக்க ஒன்றும் இல்லாத பெஞ்சின் ஓரத்தைத் துடைத்தான்.

சுகிர்தம் தங்கசாமியிடம், "எண்ணெ காஞ்சிரும், அவரக் கவனி" என்றாள். மாஜிதாவின் தோளைத் தொட்டு, "ஒரு காப்பி குடிச்சிட்டு வா தாயி" என்றாள். குடையை விரிக்காமலே நடந்து, அருவி தெரிகிற இடத்தில் இருந்த கம்பித் தடுப்பின் அருகே போய் நின்றாள். அய்யாத்துரை பின்னாலேயே போனார். இரண்டு எட்டுத் தள்ளி நின்றார். அதற்கு மேலே போகலாமா என்று தெரியவில்லை.

அருவி வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது. அதன் புகை இங்கே வரைக்கும் வந்து முகத்தில் ஒட்டியது.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

அவர் நிமிர்ந்தார்.

"பாளையங்கோட்டையில இருந்து வந்த அன்னைக்கே தெரியும். தங்கசாமி ஒரு ஆணியக்கூட உங்களக் கேக்காம ஏத்தமாட்டான். அவனுக்குப் பொய் சொல்லவும் வராது, அன்னைக்கும் வரல, இன்னைக்கும் வரல."

"பின்ன ஏன் நீ கேக்கல?"

"கேட்டா நீங்க சொல்லியிருப்பீங்க. சொல்லியிருந்தா நான் உங்கள வெறுத்திருப்பேன். அப்ப உங்களையும் விட்டா எனக்கு யாரு இருந்தா?" அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். புருவத்திலும் காதோர நரையிலும் நீர் பொடிப்பொடியாக நின்றது. "நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒவ்வொரு சாரலுக்கும் பாத்தேன். நேத்து அந்தப் பிள்ள எழுதி வாசிக்கும்போது உங்க மொகத்தப் பாக்கலைன்னு நெனைக்காதீங்க."

"என்னால பாக்க முடியலன்னு அன்னைக்கே சொல்லியிருக்கணும், சுகிர்தம். வாய் வரல. நீ இரும்ப விட்டதுக்கு நாந்தான் காரணம். தெனமும் அந்தக் கொட்டகை பூட்டிக் கெடக்கதப் பாக்கும்போது…"

"நீங்க அனுப்புனதுக்காவ விடல." அவள் தலையை அசைத்தாள். "அவ போனதுகூட இல்ல. உருகித்தான் போயிருப்பா, தெரியும். வேற எங்கயோ யாரு வீட்டுக் கம்பியாவோ நிக்குதா. அத நான் தாங்கிக்கிட்டேன். ஆனா எந்த இரும்பக் கையில எடுத்தாலும் அந்த லாரிதான் வந்து நிக்குது. அதுக்குள்ள எட்டிப் பாக்குதேன். ஒண்ணும் தெரியல. இருட்டாக் கெடக்கு. கை அங்கனயே நின்னுருது."

அவர் ஓர் எட்டு முன்னால் வந்தார். அவள் தடுப்புக் கம்பியிலிருந்து கையை எடுத்து, அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் நனைந்து சில்லிட்டிருந்தன, பிடி மட்டும் சம்மட்டி பிடித்த பழைய பிடி.

"ஒரு தடவ கேக்கணும், ஒரே ஒரு தடவ கேக்கணும்னு பதினோரு வருசமா நெஞ்சுக்குள்ளயே வச்சிருக்கேன்" என்றாள். ஒவ்வொரு சொல்லும் அருவிச் சத்தத்துக்குள் தெளிவாக விழுந்தது. "அவள லாரியில எப்படிக் கெடத்துனீங்க? மல்லாக்கவா, குப்புறவா? மேல எதையும் தூக்கிப் போட்டாங்களா? மொகம் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு? நீங்க பாக்காம உள்ள போயிருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும். பாத்தத எனக்குச் சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க."